வெப்பமண்டலக் கரையில் பழுப்புப் பாசிகளை அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையில் பாசி பார்க்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். தேவையான கருவிகள் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், வெள்ளைத் தட்டு ஒன்று, கொஞ்சம் கடல்நீர். சில கேள்விகளுக்கு மட்டும் நுண்ணோக்கி வேண்டும். அது அந்தந்த இடத்தில் வரும்.

பழுப்பு நிறமாக இருந்தால் பழுப்புப் பாசிதானே? இதில் என்ன குழப்பம்?

நிறத்தை நம்பினால் முதல் நாளிலேயே வழி தவறும். பழுப்புப் பாசிகளில் பச்சையம் இருக்கிறது. ஃபியூகோசாந்தின் என்ற நிறமி அதை மறைப்பதால்தான் அவை பழுப்பாகத் தெரிகின்றன. இந்த நிறமியின் அளவைப் பொறுத்து ஒரே பாசி மஞ்சள், ஆலிவ் பச்சை, காப்பி நிறம், கிட்டத்தட்ட கறுப்பு என்று மாறும். விசிறி வடிவப் பழுப்புப் பாசியான பாடினாவின் மேல் சுண்ணாம்பு படிந்தால் வெள்ளையாகவே தெரியும். ரிப்பன் போலக் கிளைக்கும் டிக்டியோட்டாவில் சில தண்ணீருக்குள் நீலமாக மின்னும்.

மறுபக்கம், வெயில் படும் ஆழமற்ற இடங்களில் வளரும் கிராசிலேரியா, அகாந்தோஃபோரா, லாரென்சியா போன்ற சிவப்புப் பாசிகள் மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும். உதிர்ந்து மக்கும் கடற்புல் இலைகளும் பழுப்புதான். ஆனால் கடற்புல்லில் இலை நெடுக இணையான நரம்புகள் ஓடும், வேரும் மட்டத்தண்டும் இருக்கும். பாசிக்கு அவை கிடையாது. ஆகவே நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிவை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

வெந்நீரில் போட்டால் பழுப்புப் பாசி பச்சையாகும் என்கிறார்களே, அது போதாதா?

பச்சையாவது உண்மை. சூடு பட்டதும் ஃபியூகோசாந்தின் புரதத்தோடு கொண்டிருந்த பிணைப்பு குலைகிறது, அடியில் இருந்த பச்சையம் வெளியே தெரிகிறது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சிவப்புப் பாசியின் நிறமியும் சூட்டில் கெடும், கிராசிலேரியாவும் வெந்நீரில் பச்சையாகும். எனவே இந்தச் சோதனையால் பழுப்பையும் சிவப்பையும் பிரிக்க முடியாது. பலரும் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதால்தான் இவ்வளவு விளக்கம்.

இதைவிடப் பயனுள்ளது குளிர்ந்த நன்னீர். ஒரு துண்டை வெள்ளைக் கிண்ணத்தில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறினால் அது சிவப்புப் பாசி, ஏனென்றால் அவற்றின் சிவப்பு நிறமி நீரில் கரையும். மாறாவிட்டால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. வெயிலில் வெளிறிய துண்டில் கரைவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

சரி, நிறம் வேண்டாம். அப்போ எதை முதலில் பார்ப்பது?

அடியிலிருந்து மேலே போங்கள். பாறையைப் பிடித்திருக்கும் பற்றுறுப்பு வட்டத் தட்டாக இருக்கிறதா, கிளைத்த விரல்களாக இருக்கிறதா, நார்க்கற்றையாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே தண்டும் இலையும் தனித்தனியாகத் தெரிகிறதா, அல்லது உடல் முழுவதும் ஒரே தட்டையான துண்டா, உள்ளே காலியான பையா என்று பிரியுங்கள். காற்றுப்பை உண்டா? நடுநரம்பு உண்டா? கடைசியாக விளிம்பும் நுனியும். வெப்பமண்டலக் கரையில் இந்தச் சில கேள்விகளிலேயே பெரும்பாலான பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுதிகள்) பிரிந்துவிடும்.

பறிக்கும்போது அடிப்பகுதியோடு எடுப்பது முக்கியம். அதை விட்டுவிட்டு நுனியை மட்டும் கிள்ளி வருவதுதான் அடிக்கடி நடக்கிறது.

படங்களில் காடு போல நெடுநெடுவென்று வளரும் கெல்ப் இங்கே கிடைக்குமா?

கரையில் கிடைக்காது. கெல்ப் என்ற இந்தப் பெரிய பழுப்புப் பாசிகளுக்குக் குளிர்ந்த, ஊட்டம் மிகுந்த நீர் வேண்டும். வெப்பமண்டலத்தில் அது அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கலாபகோஸ் தீவுகளைச் சுற்றியும் பிரேசில் கரைக்கு அப்பாலும் ஆழமான, குளிர்ந்த நீரில் கெல்ப் வளர்கிறது. ஆனால் கால் நனைத்து நடக்கும் இடத்தில் நீளமாக ஒன்று கிடைத்தால் அது பெரும்பாலும் சர்காசம்தான்.

சர்காசத்தில் குட்டிக் குட்டிக் காய் மாதிரித் தொங்குகிறதே, அது காயா?

காய் இல்லை, காற்றுப்பை. விரலால் நசுக்கினால் பட்டென்று உடையும், உள்ளே வெறும் வாயு. தண்டு வெளிச்சத்தை நோக்கி நிமிர்ந்து நிற்பது இவற்றால்தான். இலை போலத் தெரிவதும் உண்மையான இலை அல்ல, ஆனால் வசதிக்காக எல்லோரும் இலை என்றே சொல்கிறோம்.

இனப்பெருக்க உறுப்புகள் வேறு. இலைக் கக்கங்களில் கொத்துக் கொத்தாக, சில மில்லிமீட்டர் நீளத்தில், சொரசொரப்பான சிறு கிளைகளாக இருக்கும். அவை எல்லாக் காலத்திலும் இருக்காது. ஒரு இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து கைலென்ஸில் பாருங்கள். நடுநரம்பு ஒன்று ஓடும், சில இனங்களில் அது நுனி வரை போகாமல் பாதியில் மங்கிவிடும். இருபுறமும் ஊசியால் குத்தியது போலச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் மயிர்க்கற்றை முளைக்கும் ஒரு குழி. அவை சிதறிக் கிடக்கின்றனவா, நரம்பின் இரு பக்கமும் வரிசையாக இருக்கின்றனவா என்பதை இப்போதே எழுதி வையுங்கள், இனம் தேடும்போது உதவும்.

டர்பினேரியாவும் சர்காசமும் ஒரே குடும்பம் என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

ஒரே குடும்பம்தான், ஆனால் தொட்டாலே வித்தியாசம் தெரியும். டர்பினேரியாவின் இலை தட்டையாக இருக்காது. காம்பு மேலே போகப் போக அகன்று, முள் விளிம்புள்ள புனல் போல முடியும். மொத்தப் பாசியும் விறைப்பாக, கையைக் கீறும் அளவுக்குக் கரடாக இருக்கும்.

அடிக்கடி வருவது மூன்று இனங்கள். ஆர்னேட்டாவில் வெளி விளிம்பில் முட்கள் இருப்பதோடு, மேல்முகத்தின் நடுப்பக்கமும் முட்கள் எழும்பிக் கிரீடம் போல் நிற்கும். கோனாய்டிஸில் முட்கள் விளிம்பில் ஒரே வரிசை; காம்பு நீளமாகத் தெரியும். டெக்கரன்ஸில் இலை முக்கோணப் பட்டகமாக இருக்கும், அதன் ஓரங்கள் காம்பின் மேல் இறங்கி வரும். டர்பினேரியாவுக்கும் காற்றுப்பை உண்டு. ஆனால் தனியாகத் தொங்காமல் இலைக்குள்ளேயே புதைந்திருக்கும். ஓர் இலையைக் குறுக்கே வெட்டினால் பொந்து தெரியும். கழன்ற டர்பினேரியா வெகுதூரம் மிதந்து போவதற்கு இதுதான் காரணம்.

காற்றுப்பை இருக்கிறது, ஆனால் இலை இல்லை. இது எது?

காற்றுப்பை கிளைக்கு உள்ளேயே இருந்தால் இரண்டு பேரை நினைவில் வையுங்கள். ஹார்மோஃபைசாவின் கிளை குறுக்குவெட்டில் மூன்று சிறகுடன் இருக்கும், சிறகுகளின் ஓரம் பல் பல்லாக இருக்கும், அச்சு இடையிடையே உப்பிக் காற்றுப்பை ஆகும். சிரோஃபைசாலிஸ் ட்ரைனோடிஸில் சிறகு கிடையாது. மெல்லிய கிளைகளில் இரண்டு மூன்று பைகள் அடுத்தடுத்து உப்பியிருக்கும். பழைய புத்தகங்களில் இதை சிஸ்டோசைரா ட்ரைனோடிஸ் என்ற பெயரில் தேட வேண்டும்.

விசிறி மாதிரி இருப்பதன் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அழுக்கா, நோயா?

இரண்டும் இல்லை. அது பாடினா, வெள்ளை அதன் சொந்தச் சுண்ணாம்பு. பழுப்புப் பாசிகளில் கால்சியம் கார்பனேட் படியவைப்பவை மிக மிகக் குறைவு: பாடினா, அப்புறம் ஹவாயில் கண்டறியப்பட்டு 2004-ல் விவரிக்கப்பட்ட நியூஹௌசியா. எனவே பழுப்புப் பாசி என்று உறுதியாகி, சுண்ணாம்பும் இருந்தால், கரையில் நிற்கிறவருக்கு விடை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. சந்தேகமானால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைக்கும்.

பாடினாவை நிதானமாகப் பார்ப்பது நல்ல பயிற்சி. வெளி விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை விரலால் மெல்லப் பிரித்தால் உள்ளே இளம் செல்கள் இருக்கும் மெல்லிய, நிறம் வெளிறிய ஓரம் தெரியும். வளர்ச்சி நடப்பது அங்கேதான். விசிறியின் மேல் விளிம்புக்கு இணையாக வளைவு வளைவாக வரிகள் ஓடும். அவற்றில் சில மயிர்வரிகள், சில வித்துத் தொகுதிகள் இருக்கும் கருத்த வரிகள். அலையில் கிழிந்த பழைய விசிறியில் சுருண்ட விளிம்பே போயிருக்கலாம். அப்போது பக்கத்தில் இருக்கும் இளம் விசிறியைத் தேடுங்கள்.

எல்லா விசிறியும் பாடினாவா?

இல்லை. லோபோஃபோராவும் விசிறிதான். அதில் சுண்ணாம்பு இல்லை, விளிம்பு சுருளாது, நிறம் கருமை கலந்த பழுப்பு, தொட்டால் தடித்த தாள் போல இருக்கும். சில சமயம் நிமிர்ந்து நிற்கும், சில சமயம் பவளத்தின் மேல் ஒட்டிப் படர்ந்து அடுக்கடுக்கான செதில்களாகக் கிடக்கும்.

படர்ந்த நிலையில் இருக்கும்போதுதான் உண்மையான சிக்கல். பெய்சொனேலியா என்ற சிவப்புப் பாசியும் இதே வடிவத்தில், இதே இடத்தில் வளரும். நிழலில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு துண்டைப் பெயர்த்து வெளிச்சத்தில் திருப்புங்கள். பெய்சொனேலியாவில் சிவப்புச் சாயல் தெரியும், பல இனங்களில் அடிப்பக்கம் சுண்ணாம்பேறி மொறுமொறுப்பாக இருக்கும். லோபோஃபோரா வளையும். முன்பு சொன்ன வினிகர் சோதனை இங்கே அடிப்பக்கத்துக்குப் பயன்படும்.

பாடினா என்று தெரிந்துவிட்டது. எந்தப் பாடினா?

இதற்கு நுண்ணோக்கி வேண்டும், தப்ப வழியில்லை. குறுக்குவெட்டில் எத்தனை செல் அடுக்குகள் என்று எண்ண வேண்டும். ஆஸ்ட்ராலிஸ், மைனர் இரண்டிலும் 2 அடுக்குகள். ஆண்டிலாரத்தில் 4. ஜிம்னோஸ்போராவின் அடிப்பக்கத்தில் 4-க்கு மேலும் போகும். அடுக்கை எண்ணிய பிறகு சுண்ணாம்பு எந்தப் பக்கம் அதிகம், மயிர்வரிகள் இரு பக்கமுமா ஒரு பக்கமா, வித்துவரிகள் மயிர்வரிக்கு மேலா கீழா, அவற்றின் மேல் மெல்லிய உறை உண்டா என்று பார்க்க வேண்டும்.

எங்கே வெட்டுகிறீர்கள் என்பது முக்கியம். விளிம்புக்கு அருகே பல இனங்களில் 2 அடுக்குதான் இருக்கும். அங்கே வெட்டிவிட்டு எல்லாவற்றையும் ஆஸ்ட்ராலிஸ் என்று எழுதுவது வழக்கமான விபத்து. விளிம்பு, நடு, அடி என மூன்று இடத்திலும் வெட்டிப் பாருங்கள். முதலில் நீர்த்த வினிகரில் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டால் பிளேடு நன்றாக இறங்கும். கண்ணாடித் தகட்டில் துண்டை வைத்து, இன்னொரு தகட்டை அதன் மேல் வைத்து, மேல்தகட்டை ஒரு மயிரளவு பின்னால் நகர்த்தி, அதன் ஓரத்தையே அளவுகோலாகக் கொண்டு வெட்டினால் மெல்லிய சீவல் கிடைக்கும்.

ரிப்பன் மாதிரி இரண்டிரண்டாகப் பிரிகிறது. டிக்டியோட்டா என்று எழுதிவிடலாமா?

நடுநரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இருந்தால் டிக்டியாப்டெரிஸ், அதைப் பறித்தவுடனே காரமான ஒரு மணமும் வரும். நரம்பு இல்லை, ரிப்பனின் இரு ஓரத்தையும் ஒட்டிக் கருத்த கோடு தொடர்ச்சியாக ஓடுகிறது என்றால் ஸ்டீக்கோஸ்பெர்மம். அந்தக் கோடு வித்துத் தொகுதி. நரம்பும் இல்லை, கோடும் இல்லை, அகலம் ஒழுங்கற்று விளிம்பில் பற்கள் இருந்தால் ஸ்பேட்டோகிளாசம் பக்கம் போங்கள்.

டிக்டியோட்டாவின் உறுதியான அடையாளம் நுனியில் இருக்கிறது. ஒவ்வொரு கிளை நுனியிலும் வில்லை வடிவில் ஒரே ஒரு பெரிய செல் இருக்கும். அது இரண்டாகப் பிரியும்போதுதான் கிளையும் இரண்டாகப் பிரிகிறது. பாடினாவில் இந்த வேலையை விளிம்பு நெடுக ஒரு வரிசைச் செல்கள் செய்கின்றன. கைலென்ஸில் இது எட்டாது, நுண்ணோக்கியின் குறைந்த பெருக்கத்திலேயே தெரியும். குறுக்கே வெட்டினால் நடுவில் பெரிய செல்கள் ஓர் அடுக்கு, மேலும் கீழும் சிறிய செல்கள் ஓர் அடுக்கு வீதம் வரும்.

தண்ணீரில் நீலமாக ஜொலித்தது, வெளியே எடுத்ததும் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

இல்லை. அந்த நீலம் நிறமி அல்ல; செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. ஈரமும் பார்க்கும் கோணமும் மாறினால் போய்விடும். தண்ணீருக்குள் இருக்கும்போதே நிறத்தைக் குறித்துவிடுங்கள். உலர்ந்த மாதிரியில் இது ஒருநாளும் தெரியாது.

பாறை மேல் பிளாஸ்டிக் பை மாதிரி உப்பிக் கிடப்பது?

கோல்போமீனியா. உள்ளே காலி, சுவர் மெல்லியது, மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக, அடி அகலமாகப் பாறையில் ஒட்டியிருக்கும். அதே மாதிரியான உடல் முழுதும் ஓட்டை ஓட்டையாக வலை போல ஆகியிருந்தால் ஹைட்ரோகிளாத்ரஸ். காலியான குழாய்களாகக் கிளைத்திருந்தால் ரோசன்விங்கியா. இளம் ஹைட்ரோகிளாத்ரஸில் ஓட்டைகள் குறைவாக இருப்பதால் கோல்போமீனியா என்று ஏமாறலாம்.

இந்தக் கோல்போமீனியாவின் குளிர்நாட்டு உறவு ஒன்றுக்கு ஐரோப்பாவில் சிப்பித் திருடன் என்றே பெயர். வளர்ப்புச் சிப்பிகளின் மேல் முளைத்து, காற்று நிரம்பி, சிப்பியையும் தூக்கிக்கொண்டு மிதந்து போய்விடுமாம்.

மயிர் மாதிரிக் கொத்து, பாறையில் கறை மாதிரிப் படலம்: இவற்றை என்ன செய்வது?

கண்ணால் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். பழுப்பு மயிர்க்கொத்து எக்டோகார்பஸ் வகையறாவாகவோ ஸ்பேசிலேரியாவாகவோ இருக்கலாம். சயனோபாக்டீரியாவாகவும் (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா), சங்கிலியாகச் சேர்ந்த டயாட்டமாகவும் (ஒற்றைச் செல் பாசி) இருக்கலாம். வழவழவென்று விரலில் இழுபட்டால் பின்னிரண்டின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். கறுத்த படலங்களில் சில ரால்ஃப்சியா போன்ற பழுப்புப் பாசிகள். நுண்ணோக்கி இல்லையென்றால் 'பழுப்பு இழைப்பாசி', 'பழுப்புப் படலம்' என்று எழுதிவிட்டு நகருங்கள்.

கரையில் மலைபோல் ஒதுங்கும் சர்காசமும் பாறையில் வளர்வதும் ஒன்றா?

எந்தக் கடல் என்பதைப் பொறுத்தது. அட்லாண்டிக்கில் நேட்டன்ஸ், ஃப்ளூயிட்டன்ஸ் என்று இரண்டு இனங்கள் பிறந்தது முதல் மிதந்தே வாழ்கின்றன. அவற்றுக்குப் பற்றுறுப்பு கிடையாது. உடல் துண்டாகி அப்படியே பெருகும். 2011 முதல் கரீபியன் கரைகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் குவிவது இவைதான். நேட்டன்ஸின் இலை ஒடுங்கியது, காற்றுப்பையின் நுனியில் பெரும்பாலும் ஒரு முள் நீண்டிருக்கும். ஃப்ளூயிட்டன்ஸின் இலை அகலமானது, பை முள்ளில்லாதது.

இந்திய, பசிபிக் பெருங்கடல் கரைகளில் ஒதுங்குவது பெரும்பாலும் பாறையிலிருந்து அலை பிய்த்தெறிந்த சர்காசம். குவியலைக் கிளறினால் தட்டு வடிவப் பற்றுறுப்பு எங்காவது அகப்படும். எதுவானாலும் அழுகும் குவியலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அந்த அழுகிய முட்டை நாற்றம் அதுதான். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் கிட்டே நின்று கிளற வேண்டாம்.

ஒரே சர்காசத்துக்கு இரண்டு பேர் இரண்டு இனப்பெயர் சொல்கிறார்கள். யார் சரி?

இருவருமே தவறாக இருக்கலாம். சர்காசத்தில் ஏற்கப்பட்ட இனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒரே செடியிலேயே அடி இலை அகலமாகவும் நுனி இலை ஒடுங்கியும் இருக்கும். அலை அடிக்கும் இடத்தில் வளர்ந்தது ஒரு மாதிரி, அமைதியான நீரில் வளர்ந்தது வேறு மாதிரி. ஒருவர் அடி இலையையும் மற்றவர் நுனி இலையையும் வைத்துப் பேசினால் சண்டை தீராது.

இனம் சொல்ல முழுச் செடி வேண்டும்: பற்றுறுப்பு, தண்டு உருண்டையா தட்டையா, மேல், கீழ் இரண்டு இலைகளும், காற்றுப்பை, முக்கியமாக அந்தச் சிறு இனப்பெருக்கக் கிளைகள். அவை முள்ளுள்ளவையா, உருண்டையா, ஆணும் பெண்ணும் தனிச்செடியா என்பதெல்லாம் கணக்கில் வரும். அவை இல்லாத காலத்தில் எடுத்த செடிக்குப் பேரினப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை. இலை விளிம்பு இரட்டிப்பதை வைத்துத் தனி இனமாக எண்ணப்பட்ட கிரிஸ்டிஃபோலியமே பிறகு இலிசிஃபோலியத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது.

பழைய கையேட்டில் பாடினா பவோனிக்கா, லோபோஃபோரா வேரியகேட்டா என்று இருக்கிறது. அப்படியே எழுதலாமா?

வேண்டாம். இவை ஒரு காலத்தில் உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பயன்பட்ட பெயர்கள். பவோனிக்கா முதலில் விவரிக்கப்பட்டது ஐரோப்பியப் பக்கத்திலிருந்து, வேரியகேட்டா கரீபியன் பக்கத்திலிருந்து. டிஎன்ஏ பார்த்தபோது வேறு கடல்களில் அதே பெயரில் இருந்தவை பல தனித்தனி இனங்கள் என்று தெரிந்தது. டிக்டியோட்டா டைகோட்டோமாவும் இதே கதைதான். வேறு சில பெயர்கள் இணைந்துவிட்டன: பாடினா டெட்ராஸ்ட்ரோமாட்டிகா என்று பார்த்தால் அதை மேலே சொன்ன ஆண்டிலாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் படம் எடுத்தால் போதாதா? செயலியே பெயர் சொல்கிறதே.

பேரினம் வரை பல சமயம் சரியாகவே சொல்லும். இனத்தை நம்ப வேண்டாம், அடுக்கு எண்ண அதற்கு வழியில்லை. படம் எடுப்பதாக இருந்தால் வளரும் இடத்தில் ஒன்று, வெள்ளைத் தட்டில் நீரில் விரித்து முழுவதும் தெரிய ஒன்று, பற்றுறுப்பு கிட்டத்தில், இலை வெளிச்சத்துக்கு எதிரே, விளிம்பு கிட்டத்தில் என எடுங்கள். ஓர் அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீருக்கு வெளியே குவியலாக எடுத்த படம் யாருக்கும் உதவாது.

வீட்டுக்கு எடுத்து வருவதற்குள் கூழாகிவிடுகிறது. எப்படிக் கொண்டுவருவது?

டிக்டியோட்டா வகையறாவைத் தனிப் பையில் போடுங்கள். அவை சீக்கிரம் நொய்ந்துவிடும், கூட இருப்பதையும் கெடுக்கும். குளிர்ச்சியாக, நிழலில், கொஞ்சமே கடல்நீரோடு கொண்டுவாருங்கள். நன்னீரில் கழுவாதீர்கள், செல்கள் வெடித்து நிறம் கசியும். பிறகு கடல்நீர் நிரம்பிய தட்டில் தடித்த தாளை அமிழ்த்தி, அதன் மேல் பாசியை விரித்து, தாளோடு மெதுவாகத் தூக்குங்கள். மேலே மெல்லிய துணி போட்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே அழுத்துங்கள். துணி இல்லாவிட்டால் பாசியின் பசை உறிஞ்சுதாளோடு ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சுதாளைத் தினமும் மாற்றுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. அங்கே படம் போதும்.

பெயர் தெரிந்துவிட்டது, சாப்பிடலாமா?

பெயர் தெரிந்ததால் மட்டும் வேண்டாம். சர்காசம் ஆர்சனிக்கைச் சேர்த்துவைக்கும். அந்தப் பேரினத்தைச் சேர்ந்த, ஜப்பானில் உண்ணப்படும் ஹிஜிக்கியில் கனிம ஆர்சனிக் அதிகம் என்று பல நாடுகளின் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன. நீர் எங்கே அசுத்தம் என்பதும் பாசியைப் பார்த்துத் தெரியாது.

வெறும் அடியும் கட்டைத் தண்டும்தான் கிடைத்தது. விசிறியே இல்லாத பாடினா என்று ஒருவர் காட்டினார். இதெல்லாம் எப்படி?

இரண்டுமே நடப்பதுதான். பல சர்காசங்கள் இனப்பெருக்கம் முடிந்ததும் நீண்ட கிளைகளை உதிர்த்துவிட்டு, பற்றுறுப்பையும் சிறு தண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். தண்டில் கிளை விழுந்த தழும்புகள் கைலென்ஸில் தெரியும், அடியில் ஒன்றிரண்டு அகன்ற இலை மிச்சமிருக்கலாம். பாடினாவுக்குப் படர்ந்து வளரும் இளநிலை ஒன்று உண்டு. மெல்லிய, தவழும் கிளைகளாக, நுனி மட்டும் சுருண்டு இருக்கும். ஒரு காலத்தில் வௌகானியெல்லா என்று தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள். அதிலிருந்து விசிறி புறப்படும் துண்டு அருகில் எங்காவது கிடைக்கும், தேடுங்கள். கட்டைத் தண்டு சர்காசமாக இருந்தால் பறிக்காமல் இடத்தைக் குறித்துவிட்டு, சில மாதம் கழித்து அதே பாறைக்குப் போய்ப் பாருங்கள்.